தலைவருக்குத் தெரியட்டும்

ஈச்சனஅள்ளியில் பிறந்த பிள்ளைகள் 'தலைவர்' என்பது காளியப்பனின் இன்னொரு பெயர் என்றே நினைத்து வளர்ந்தார்கள். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா தலைவர். பெண்களுக்கென்று ஒதுக்கிய முறை அவருடைய மனைவி தலைவர். அப்போதும் ஊர் காளியப்பனிடம்தான் போய்க் கைகட்டி நின்றது. தேர்தல் அறிவிப்பு வந்தால் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடுவார்கள். அவர் பேரைச் சொல்லித் தேங்காய் உடைப்பார்கள். ஆசைப்பட்டு மனு போட்ட ஒன்றிரண்டு பேர் மறுநாள் வாபஸ் வாங்கிவிட்டு வந்து தலைவர் வீட்டில் கறிச்சோறு சாப்பிடுவார்கள். அத்தோடு தேர்தல் முடிந்தது.

ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் அந்த ஊர் சீட்டில் முத்திரை குத்தியிருக்கிறது. அது யாருக்குப் போனால் என்ன என்று குத்திப் போட்டுவிட்டு வந்தார்கள். தலைவருக்கான ரோஸ் நிறச் சீட்டை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த முறை அருள்குமார் வாபஸ் வாங்கவில்லை. பாப்பாரப்பட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் உள்ளூர் ஆள். கோயில் கூட்டத்துக்கு வந்தான், தேங்காய் உடைத்ததைப் பார்த்தான், விபூதி வாங்கிப் பூசிக்கொண்டான், கடையைத் திறக்கப் போய்விட்டான். கறிச்சோறு மீந்துபோனது.

காளியப்பன் ஓட்டுக் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை. கேட்கத் தெரியாதவர் போல ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே பேச்சைச் சொன்னார். "யார் யார் எனக்குப் போடறீங்க, யார் போடலேன்னு எனக்குத் தெரிஞ்சிரும்." எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

குப்புராஜுக்கு அந்தப் பேச்சு வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரின் தண்ணீர்த் தொட்டியை இயக்கும் வேலை அவனுடையது. மோட்டார் ரூம் சாவி அவன் இடுப்பில் இருக்கும். எந்தத் தெருவுக்கு எப்போது வால்வு திறப்பது என்பது அவன் கையில் இருந்தது. காளியப்பன் கூப்பிட்டுக் கொடுத்த வேலை அது. அதே போல 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்ல எந்தத் தலைவருக்கும் ஒரு வாய்ச்சொல் போதும். மனைவி பானுமதி போகும் நூறு நாள் வேலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. குப்புராஜின் வீட்டுக்கு அந்தச் சாவிதான் சோறு.

ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் நின்றபோதும் அவன் அதையே யோசித்தான். தலைவருக்கு எப்படித் தெரியும்? நாம் போட்டது தெரியாமல் போய்விட்டால்? மறைப்புக்குள் போய் ரோஸ் சீட்டை விரித்து, காளியப்பனின் சின்னத்தின் மேல் முத்திரையை அழுத்திக் குத்தினான். குத்தியதும் சந்தேகம் வந்தது. இதே மாதிரி எத்தனையோ பேர் குத்துவார்கள். இது குப்புராஜ் குத்தியது என்று யார் சொல்வார்கள்? ரேஷன் ஆகட்டும், பாங்க் ஆகட்டும், கையெழுத்து இல்லாத காகிதத்தை எந்த ஆபீசில் வாங்கியிருக்கிறார்கள்? மோட்டார் ஓடிய நேரத்தைச் சுவரில் எழுதி வைக்க அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா உண்டு. எடுத்தான். முத்திரைக்குக் கீழே, 'மு. குப்புராஜ்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினான். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டான்.

கையில் பேனாவோடு வெளியே வந்தபோது வரிசையில் நின்ற டீக்கடை குள்ளம்மாள் கை நீட்டினாள். "குப்பு, அந்தப் பேனாவக் குடு."

"எதுக்குக்கா?"

"உனக்கு எதுக்கு வேணுமோ அதுக்குத்தான்."

அவன் கொடுத்தான். பேனா கை மாறிக் கை மாறிப் போனது. சாயங்காலம் அவனிடம் திரும்பி வந்தபோது மூடி இல்லை.

காளியப்பன் தோற்றார். விரல் விட்டு எண்ணக்கூடிய வித்தியாசம்தான். வாக்கு எண்ணுகிற இடத்தில் அவருக்கு ஏஜென்டாக இருந்தவன் அவருடைய தங்கை மகன் மாதவராஜ். செல்லாத ஓட்டு கொஞ்சம் போய்விட்டது என்று மட்டும் போனில் சொன்னான். அதற்குள் காளியப்பன் போனை வைத்துவிட்டார்.

ஊர் அன்றே மாறிவிடவில்லை. அருள்குமார் பதவி ஏற்ற பிறகும் காளியப்பன் தெருவில் வந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அருள்குமார் வந்தாலும் எழுந்தார்கள். அருள்குமாருக்கு எழுந்ததைக் காளியப்பனின் ஆட்கள் யாராவது பார்த்தார்களோ என்று பிறகு கவலைப்பட்டார்கள். டீக்கடையில் பேச்சு குறைந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வந்ததும் பேச்சு தக்காளி விலைக்குத் தாவியது. மாரண்டஹள்ளியில் தக்காளிக்கு என்ன விலை என்று அந்த நாட்களில் ஈச்சனஅள்ளிக்குத் தெரிந்த அளவு மாரண்டஹள்ளிக்கே தெரிந்திருக்காது.

"எவனோ நம்ம சோத்தத் தின்னுட்டு அவனுக்குக் குத்தியிருக்கான்" என்று காளியப்பன் வீட்டிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. கூடவே ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஏரிக்கரை முனியப்பன் கோயிலில் கற்பூரம். தலைவர் கையால் வேலையோ, வீட்டு மனையோ, போர்வெல் லைனோ வாங்கியவர்கள் எல்லோரும் வரவேண்டும். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, 'உங்களுக்குத்தான் போட்டேன்' என்று சத்தியம் செய்யவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை முனியப்பன் பார்த்துக்கொள்வார்.

குப்புராஜ் இதைக் கேட்டுப் பயப்படவில்லை. அவனுக்குக் குழப்பம்தான் வந்தது. பேரே எழுதிப் போட்டிருக்கிறேனே, இன்னுமா தலைவருக்குத் தெரியவில்லை? மாதவராஜ் பார்த்திருப்பானே, ஏன் சொல்லவில்லை? தன் சீட்டை மட்டும் யாரோ எடுத்து ஒளித்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தான். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அடுத்த நாள் அருள்குமார் மோட்டார் ரூமுக்கே வந்தான். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, சுவரில் எழுதியிருந்த நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"குப்புராஜ்ணா, உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு."

"அது சும்மா, ஞாபகத்துக்கு எழுதறதுங்க."

"இதச் சொல்லலிங்ணா. ரோஸ் சீட்டுல போட்டீங்களே, அது."

குப்புராஜின் கை வால்வுச் சாவியிலேயே நின்றுவிட்டது.

"எண்ணுற எடத்துல ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டுனாங்க" என்றான் அருள்குமார். "பேரு எழுதுனது, பெருவிரல் ரேகை வெச்சது எல்லாத்தையும் தனியா ஒரு டப்பாவுல போட்டாங்க. போட்டது யாருன்னு தெரிஞ்சா அந்த ஓட்டு செல்லாதாம். அதான் சட்டம்னாரு ஆபீசரு. மாதவராஜ் எம் பக்கத்துலதான் நின்னான். அவன் மூஞ்சியப் பாக்கணுமே!"

"செல்லாதுங்களா?"

"செல்லாதுண்ணா. அதுல பாதி செல்லியிருந்தாலும் நான் இன்னைக்குக் கடையில பைப்பு அளந்துட்டு இருப்பேன். ஒரு விதத்துல நீங்கதான் என்னைத் தலைவராக்குனீங்க." அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே குப்புராஜின் முகத்தைப் பார்த்தான்.

குப்புராஜுக்கு அந்தச் சிரிப்பில் எது சிரிப்பு, எது வேறு என்று பிரிக்கத் தெரியவில்லை. தனக்கு எதிராகப் போட்டவன் என்று பேரோடு தெரிந்துவைத்திருக்கிறான். அப்படியும் அண்ணா என்கிறான். இது எங்கே கொண்டுபோய் விடும்?

"வேலையில நீங்களே இருங்க. மொறைய மட்டும் மாத்துங்க. எப்பவும் தலைவர் தெருவுலதானே மொதல்ல தொறக்கறீங்க? இனிமே ஏரிக்கரைக் கொட்டாய்க்கு மொதல்ல. தலைவர் தெரு கடைசி."

"சரிங்க."

வண்டியில் ஏறிய பிறகுதான் வந்த வேலையைச் சொன்னான். "வெள்ளிக்கிழம ஏதோ கற்பூரம் அணைக்கறாங்களாமே. நீங்க போவாதீங்கண்ணா. போறவங்க அந்தப் பக்கம்னு நான் எடுத்துக்குவேன். இந்தச் சாவியக் கேட்டு என் சொந்தத்துலயே ஆளு நிக்குது."

குப்புராஜ் முறையை மாற்றினான். கொட்டாய் என்ற அந்தச் சின்னக் குடியிருப்பின் பெண்கள் காலையிலேயே குடம் நிறைந்ததை நம்பாமல், 'இன்னைக்கு என்ன விசேஷம்?' என்று கேட்டார்கள். தலைவர் தெருவுக்குத் தண்ணீர் போனபோது வெயில் ஏறிவிட்டது. மாதவராஜ் வந்து வால்வுக் குழிக்குள் குனிந்து, எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று திருகிப் பார்த்தான்.

"பாதிதான் தொறந்திருக்க?"

"முழுசாத்தாங்க. தொட்டியில மட்டம் எறங்கிடுச்சு."

"மட்டம் எறங்குனது தொட்டியிலயா, உங்கிட்டயா?"

குப்புராஜுக்குப் பதில் சொல்ல வாய் துடித்தது. 'டப்பாவில் என் பேரைப் பார்த்தாயா இல்லையா' என்று கேட்டிருக்கலாம். கேட்டால், அது உனக்கு எப்படித் தெரியும் என்பான். குப்புராஜ் குழிக்கு மூடியைப் போட்டான்.

வீட்டுக்கு வந்து பானுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தில் கொள்ளைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கையெழுத்துப் போட்ட ஓட்டு செல்லாது என்ற இடம் வந்ததும் முறம் நின்றது.

"அப்போ என்னோடதும் போச்சா?"

"நீயுமா?"

"நீங்கதானே வெளிய வந்து பேனாவக் குடுத்தீங்க! ஊரே எழுதுது, நான் மட்டும் எழுதாம வந்தா நம்ம வூட்டுல ஒரு ஓட்டு கொறையுதேன்னு கேக்க மாட்டாரா? எடம் பத்தல, 'கு. பானு'ன்னு போட்டேன்."

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சிரித்தே விட்டாள். பிறகு அடங்கினாள்.

"வெள்ளிக்கிழம போவாதீங்க. சாவி போயிட்டா இந்த வயசுல ஓசூருக்கு செக்யூரிட்டி வேலைக்கா போவீங்க?"

"போவலேன்னா நான்தான் துரோகின்னு முடிவு பண்ணிடுவாங்க. நாளைக்கே அவரு மறுபடி வந்துட்டா?"

"'வந்துட்டா, வந்துட்டா'ன்னு சொல்லிச் சொல்லித்தானே இத்தன வருசம் ஓடிப்போச்சு." முறத்தைத் தட்டினாள். "நீங்க பொய்யா சொல்லப் போறீங்க? அவருக்குத்தான் போட்டீங்க. ஆனா அது எங்கயும் போய்ச் சேரல. அதுக்கு எதுக்குச் சத்தியம்?"

அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடாமல் செய்தது என்று சொல்ல முடியாது. தூங்கினான். வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோதும் அது அங்கேயே இருந்தது. போகாமல் இருந்தால் சாவி தங்கும். ஆனால் துரோகி என்ற பேரோடு அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எத்தனை தெரு நடப்பது? போய் அணைத்தால் பேர் தங்கும், சாவி போகும். அணைக்காமல், நடந்ததைச் சொன்னால்? அதைச் சொன்னால் யாருக்கும் யார் மேலும் சந்தேகம் இருக்காதே என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் அவன் கால் தானாக ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

முனியப்பன் முன்னால் காளியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். மாதவராஜ் பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து வெற்றிலையில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தார்கள். அணைத்தவர்கள் ஒரு பக்கமாகப் போய் நின்று, இன்னும் அணைக்காதவர்களை உற்றுப் பார்த்தார்கள்.

"குப்புராஜ்."

புதுக் கற்பூரம் பற்றிக்கொண்டது. குப்புராஜ் கையை நீட்டவில்லை.

"என்னடா, சுடுமா?" என்றார் காளியப்பன்.

"தலைவரே, நான் உங்களுக்குத்தான் போட்டேன். பேரும் எழுதித்தான் போட்டேன்."

"எங்க எழுதின?"

"சீட்டுலயேங்க. உங்களுக்குத் தெரியணும்னு. அப்படி எழுதுனா செல்லாதாம். எடுத்து ஓரமாப் போட்டுட்டாங்களாம்."

பின்னாலிருந்து குள்ளம்மாளின் குரல் வந்தது. "செல்லாதா? அப்போ என்னுது?"

"நீயும் எழுதினியா?" என்றார் காளியப்பன்.

"எழுதுனேன் தலைவரே. எங்க வூட்டுக்காரருக்கு எழுத வராது, முத்திர மையைத் தொட்டு வெரலு வெச்சாரு."

ஏற்கனவே கற்பூரம் அணைத்துவிட்டு ஓரமாக நின்றவர்களில் ஒருவன், "நானும்தாங்க" என்றான். அவன் பக்கத்தில் நின்றவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு தலையாக ஆடிக்கொண்டே போனது. காளியப்பன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து அந்தத் தலைகளைப் பார்த்தார். தோற்ற வித்தியாசத்தை விட அவை அதிகம் என்று எண்ணாமலே தெரிந்தது.

"உங்களுக்கெல்லாம் யாரு இதச் சொல்லிக் குடுத்தது?"

குள்ளம்மாள்தான் பதில் சொன்னாள். "யாரும் சொல்லலிங்க. யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிரும்னு நீங்கதானே வாசல் வாசலா நின்னு சொன்னீங்க. தெரியட்டும்னுதான் எழுதுனோம்."

காளியப்பன் மாதவராஜ் பக்கம் திரும்பினார். "நீ அங்கதானடா நின்ன. பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"ஏன் சொல்லல?"

"போன வெச்சுட்டீங்க. அப்புறம் சொல்லலாம்னா... நம்மாளுங்களே நம்மளத் தோக்கடிச்சாங்கன்னு எப்படி மாமா சொல்றது?"

குப்புராஜுக்கு உள்ளே ஏதோ இளகியது. இனி யாரும் யாரையும் முறைக்க வேண்டாம். இதோ இப்போது தலைவர் சிரிப்பார், அல்லது அழுவார், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

காளியப்பன் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பு. மாதவராஜ் யாருகிட்டயும் சொல்லல. செல்லாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அருள்குமாருங்க. மோட்டார் ரூமுக்கு வந்தப்போ சொன்னாரு."

"அவன் மோட்டார் ரூமுக்கு வர்றான். உங்கூட உக்காந்து பேசறான். அதுக்கப்புறம் என் தெருவுக்குத் தண்ணி கடைசியா வருது." ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு மற்றவர்களைக் கேட்டார். "எழுதுனீங்களே, பேனா ஏது?"

யாரும் சொல்லாமலே எல்லோருடைய கண்ணும் குப்புராஜின் சட்டைப் பைக்குப் போனது. மூடி இல்லாத பேனா அங்கே மை கசிந்துகொண்டு இருந்தது.

"கேட்டாங்க, குடுத்தேங்க" என்றான் குப்புராஜ். தன் குரல் தனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"அருள்குமாரு மூள. குப்பு பேனா" என்றார் காளியப்பன்.

கூட்டத்தில் யாரோ 'ஆமா' என்றார்கள். இன்னும் இரண்டு குரல் சேர்ந்தது. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைக் குப்புராஜ் கண்ணால் பார்த்தான். தாங்கள் செய்த தப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி. குள்ளம்மாள் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையைப் பிடித்தாள். வெற்றிலையில் கற்பூரம் எரிந்து தீர்ந்துபோயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அருள்குமாருக்குச் செய்தி போக நேரமாகவில்லை. மறுநாள் காலை வந்தான். கூட அவனுடைய பெரியப்பா மகன் மாதேஷ். மாதேஷின் கையில் அட்டை பிரிக்காத புதுப் பூட்டு ஒன்று இருந்தது.

"போனீங்களா?"

"போனேனுங்க. ஆனா அணைக்கல."

"கேள்விப்பட்டேன். நான் உங்ககிட்ட தனியாச் சொன்னத அங்க போய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க."

"சொன்னா எல்லாத்துக்கும் தெளிவாயிடும்னு நெனச்சேங்க."

"எனக்கும் தெளிவாயிடுச்சு." அருள்குமார் மாதேஷிடம் கண் காட்டினான். மாதேஷ் மோட்டார் ரூம் கதவில், பழைய பூட்டுக்கு மேலே இரண்டாவது கொண்டியை ஆணி வைத்து அடிக்கத் தொடங்கினான். "உங்கமேல சந்தேகம்லாம் இல்ல குப்புராஜ். வேலைய விட்டு எடுத்தா நான் பழி வாங்கறேன்னு பேசுவாங்க. நீயே இரு. உம் பூட்டு உங்கிட்ட. இந்தப் பூட்டு மாதேஷ்கிட்ட. ரெண்டு பேரும் வந்தாத்தான் கதவு தொறக்கும். யாருக்கும் பிரச்சனை இல்ல பாரு."

அண்ணா எங்கே போனது என்று குப்புராஜ் கேட்டுக்கொள்ளவில்லை. போன இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த காலை அவன் வழக்கமான நேரத்துக்கு வந்து தன் பூட்டைத் திறந்தான். கதவு அசையவில்லை. மாதேஷைக் காணோம். போன் அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. ஏரிக்கரைக் கொட்டாய்ப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவர் தெருவிலிருந்தும் வந்தார்கள். அந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நின்றது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான். எல்லோரும் குப்புராஜை முறைத்தார்கள்.

"என்னா குப்பு, இன்னைக்கு யாரு சொல்லி நிறுத்தி வெச்சிருக்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

இரண்டு நாளுக்கு முன்னால் என்றால் அவன் நூறு சமாதானம் சொல்லியிருப்பான். இப்போது கதவை விட்டு ஒதுங்கி நின்றான், கொண்டி இரண்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"எம் பூட்டு தொறந்துதான் கெடக்கு. பாத்துக்கங்க" என்றான்.

அவர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். ஒருத்தி திறந்து தொங்கிய பூட்டை ஆட்டிப் பார்த்தாள், இன்னொருத்தி புதுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக அவனை விட்டுவிட்டு, அருள்குமார் வீடு இருக்கிற தெருப் பக்கம் திரும்பி நின்றார்கள். குப்புராஜ் வேப்பமர நிழலில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்க யாரும் இல்லாமல் உட்கார்ந்து அவனுக்குப் பல நாளாகியிருந்தது.